பிறையின் கணக்கும் போகத்தின் கணக்கும்: தம்பலகாமத்து வயலில் நின்று நவீன பேகனியத்தைப் பார்த்தல்

ஆங்கிலத்தில் 'பேகன்' என்றொரு சொல் இருக்கிறது. பல தெய்வங்களை வழிபடுகிறவர்களைக் குறிக்கக் கிறிஸ்தவ உலகம் நெடுங்காலம் பயன்படுத்திய ஏச்சுச் சொல் அது. அதன் இலத்தீன் வேர் 'பாகானுஸ்'. நாட்டுப்புறத்தான், கிராமத்தான் என்பதே அதன் பழைய பொருள். அந்தப் பொருளில் எடுத்தால் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை நம்பி வேளாண்மை செய்கிற தம்பலகாமத்தார் எல்லாருமே, முஸ்லிம், இந்து, பௌத்தர் என்ற வித்தியாசமில்லாமல், 'பாகானுஸ்' தான்.

இந்த ஏச்சுச் சொல்லை இன்றைக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு கூட்டத்தார் தாங்களாக விரும்பித் தங்களுக்குச் சூட்டிக்கொள்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 74,000 பேர் தங்கள் மதத்தைப் 'பேகன்' என்று எழுதினார்கள். பத்தாண்டுகளுக்கு முன் அந்தத் தொகை 57,000. இவர்களை விட ஏறத்தாழ 13,000 பேர் 'விக்கா' என்று எழுதினார்கள். பருவத்தைக் கொண்டாடுவது இவர்களுடைய சமய வாழ்க்கையின் நடு நரம்பு. ஏர் பிடிக்காத, சூடு மிதிக்காத நகரத்து மனிதர்கள் விதைப்புக்கும் அறுப்புக்கும் விழா எடுக்கிறார்கள். வயலிலேயே பிறந்து வளர்ந்த நாமோ எங்கட வயல் வழக்காறுகளை ஒரு வரிகூட எழுதாமல் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வணக்கத்தைப் பற்றிய தீர்ப்பை உலமாக்களிடம் விட்டுவிட்டு, நான் வரலாற்றை மட்டும் பேசுகிறேன்.

மஸ்கெலியாவில் தொடங்கிய ஒரு கதை

நவீன பேகனியத்தின் கதையில் இலங்கைக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. விக்கா என்ற சமயத்தை உலகறியச் செய்தவர் ஜெரால்ட் கார்ட்னர். 1884இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே ஈழை நோய்க்காரர். அவரை வளர்த்த தாதிப் பெண் இலங்கையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒருவரை மணம் முடித்தபோது, 1900இல் அவர்களோடு இவரும் இங்கு வந்தார். அப்போது வயது பதினாறு. மஸ்கெலியாவில் ஒரு தோட்டத்தில் வேலை பழகினார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இலங்கை மலைநாடுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். முறையாக எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்தவரல்லர்.

பிறகு போர்னியோ, அதன் பிறகு மலாயா. மலாயாவில் ரப்பர்த் தோட்டங்களைப் பார்வையிடும் அரசாங்க உத்தியோகம். மலாய்க்காரரின் கிரிஸ் கத்திகளைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1936இல் வெளிவந்தது. முஸ்லிம் வாசகர்கள் நின்று கவனிக்க வேண்டிய ஒரு செய்தியும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. அங்கே இஸ்லாத்தைத் தழுவியிருந்த ஓர் அமெரிக்கருடன் பழகி, கார்ட்னரும் ஷஹாதாக் கலிமாவைச் சொன்னார் என்கிறது அந்நூல். ஆனால் முஸ்லிமாக அவர் வாழவில்லை. அந்த வாழ்க்கை வரலாறு 1960இல் வந்தது. அதை வெளியிட்ட ஆக்டகன் பதிப்பகம், சூபித்துவத்தைப் பற்றி மேற்குலகுக்கு எழுதிப் புகழ்பெற்ற இத்ரீஸ் ஷாவினுடையது. நூலில் வேறொருவர் பெயர் இருந்தாலும் உண்மையில் எழுதியவர் இத்ரீஸ் ஷாவே என்று கருதுகிறவர்கள் பலர்.

ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய கார்ட்னர், 1939இல் நியூ ஃபாரஸ்ட் என்ற வனப்பகுதியில் ஒரு பழைய சூனியக்காரர் குழு தம்மைச் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார். சூனியத்தைப் பற்றிய பழைய சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் 'இன்றைய சூனியம்' என்று பொருள்படும் தலைப்பில் நூல் எழுதினார். கிறிஸ்தவத்துக்கு முந்திய ஒரு சமயம் காட்டிலும் கிராமத்திலும் ஒளிந்து வாழ்ந்து தம் கையில் வந்து சேர்ந்ததாக அந்நூலில் வாதிட்டார். நூலுக்கு முன்னுரை தந்தவர் மார்கரெட் மரே. ஐரோப்பாவில் சூனியக்காரர் என்று கொல்லப்பட்டவர்கள் உண்மையில் ஒரு பழஞ்சமயத்தைச் சேர்ந்தவர்கள் என்று 1921இல் நூல் எழுதியவர் அவர். 1964இல் கப்பற் பயணத்தில் கார்ட்னர் காலமானார். அவரை அடக்கியது தூனிஸில். ஷஹாதாவை ஒருமுறை சொல்லிவிட்டு விலகிப்போன மனிதர் கடைசியில் முஸ்லிம் நாடொன்றின் மண்ணில் கிடக்கிறார்.

எட்டு நாள் சக்கரம்

கார்ட்னரின் வழிவந்தவர்களும் அவர்களைப் பார்த்துக் கிளைத்த குழுக்களும் ஆண்டில் எட்டு நாட்களைக் கொண்டாடுகிறார்கள். இதை 'ஆண்டுச் சக்கரம்' என்கிறார்கள். ஒக்டோபர் 31 இரவு சம்ஹெய்ன். இறந்தோரை நினைக்கும் நாள், குளிரின் வாசல். டிசம்பர் 21ஐ ஒட்டி யூல், ஆண்டின் நீண்ட இரவு. பெப்ரவரி தொடக்கத்தில் இம்போல்க், ஆடுகள் ஈனும் காலம். மார்ச்சில் இரவும் பகலும் சமமாகும் நாள். மே முதலாம் தேதி பெல்ட்டேன், நெருப்பு மூட்டிக் கோடையை வரவேற்பது. ஜூன் 21ஐ ஒட்டி நீண்ட பகல். ஒகஸ்ட் முதலாம் தேதி லூனாசா, முதல் அறுப்பு. செப்டெம்பரில் மறுபடி சம இரவு. சிறு குழுவாக வட்டமாக நின்று, நாலு திசைகளையும் விளித்து, ரொட்டியும் பானமும் பகிர்ந்து கலைவார்கள். முழுநிலவிலும் கூடுவார்கள். நீண்ட பகல் நாளில் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் சூரியோதயம் பார்க்க ஆயிரக்கணக்கானோர் திரளுகிறார்கள்.

பார்த்தால் பழமையானது போலத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சக்கரத்தின் வயதை வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் கணக்குப் பார்த்திருக்கிறார். அவர் பிறந்தது நம் தமிழ்நாட்டு ஊட்டியில், 1953இல். மார்கரெட் மரே பிறந்தது கல்கத்தாவில். கார்ட்னர் வளர்ந்தது மஸ்கெலியாவில். இங்கிலாந்தின் 'பழஞ்சமயம்' பற்றிய வாதத்தில் இவ்வளவு பேர் எங்கட பக்கத்திலிருந்து போனவர்கள் என்பது வேடிக்கைதான்.

ஹட்டன் சொல்வது இதுதான். அந்த எட்டு நாட்களில் நாலு, அயர்லாந்தின் இடைக்கால இலக்கியத்தில் பெயரோடு வருபவை. மற்ற நாலும் சூரியனின் இயக்கத்தைச் சேர்ந்தவை. இரண்டு நாலையும் ஒரே தரத்தில் கோர்த்து எட்டாக்கிக் கொண்டாடிய பழைய மக்கள் எவரையும் சான்றுகளில் காணமுடியவில்லை. எட்டும் ஒன்றாகச் சேர்ந்தது 1950களின் பிற்பாதியில், கார்ட்னரின் குழுவில். செப்டெம்பர் நாளுக்கு இன்று வழங்கும் 'மேபன்' என்ற பெயர் இன்னும் இளசு. அமெரிக்கர் ஒருவர் 1970களில் வைத்தது. மார்கரெட் மரேயின் கொள்கையையும் ஆய்வுலகம் எப்போதோ கைவிட்டுவிட்டது.

இதைச் சொல்வது அந்த மக்களைக் கேலி செய்வதற்காகவல்ல. அவர்களில் படித்தவர்கள் ஹட்டனின் முடிவுகளை ஏற்றுக்கொண்டு, 'எங்கள் சமயம் புதியதுதான், அதனாலென்ன' என்கிறார்கள். நமக்கு வேண்டிய கேள்வி வேறு. சொந்தக் கிராமங்களில் நூற்றாண்டுக் கணக்காக வாழ்ந்த மக்கள் பருவத் திருநாட்களைப் புதிதாகச் செய்துகொள்ள வேண்டிய நிலை ஏன் வந்தது?

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சமயச் சீர்திருத்தம் கோயிலைச் சார்ந்த பருவ வழக்காறுகளில் பெரும்பகுதியை ஒழித்தது. வேளாண் நிலங்கள் வேலியடைக்கப்பட்டன. பிறகு தொழிற்சாலை வந்து கிராமத்தாரை நகரத்துக்கு இழுத்தது. மூன்று தலைமுறைக்குப் பிறகு, பாட்டன் அறுப்பு நாளில் என்ன செய்தான் என்று பேரனுக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தைக் கற்பனை நிரப்பியது. கார்ட்னர் செய்தது ஒரு வகையில் அந்த நிரப்பல்தான்.

அப்படியானால் பாட்டன் என்ன செய்தான் என்பது ஹட்டனுக்கு எப்படித் தெரிந்தது? அவர் பெரிதும் நம்பிய சான்றுகளில் ஒன்று கிராமத்துக் கோயில்களின் கணக்குப் புத்தகங்கள். மெழுகுதிரிக்கு எவ்வளவு, விருந்துக்கு எவ்வளவு, கூத்தாடிக்கு எவ்வளவு என்று கோயில் பொறுப்பாளர்கள் எழுதிவைத்த சில்லறைக் கணக்கு. அதிலிருந்துதான் எந்த ஊரில் எந்தத் திருநாள் எந்த ஆண்டு நடந்தது, எந்த ஆண்டு நின்றது என்று அவர் எடுத்துக் காட்டினார். இதை மனதில் வைத்துக்கொண்டு தம்பலகாமத்துக்கு வருவோம்.

தம்பலகாமத்து ஆண்டு

ஐரோப்பியச் சக்கரத்தை அப்படியே தூக்கிவந்து தம்பலகாமத்தில் வைத்தால் அது சுழலாது. லண்டனில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் எட்டு மணித்தியாலத்துக்கும் மேல் வித்தியாசம். நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரைப் பாகை வடக்கே. இங்கே அந்த வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். சூரியன் இங்கே யாருக்கும் விடைகொடுத்துப் போவதில்லை. அதனால் அதை மீட்டுக் கொண்டுவர நெருப்பு மூட்டும் தேவையும் எழவில்லை. எங்கட ஆண்டைப் பிரிப்பது மழையும் காற்றும்.

ஒக்டோபரில் வாடை திரும்பி மாரி தொடங்கும். பெரும்போகத்தின் விதைப்பு அப்போது. பெப்ரவரி, மார்ச்சில் வேளாண்மை வெட்டு. பிறகு குளத்துத் தண்ணீரை நம்பிய சிறுபோகம். கச்சான் காற்று வீசுகிற கடும் வெயிலில் பயிர் வளர்ந்து ஒகஸ்ட், செப்டெம்பரில் அறுப்புக்கு வரும். இரண்டு போகம், இரண்டு காற்று, ஒரு குளம்: தம்பலகாமத்துப் பஞ்சாங்கம் இவ்வளவுதான்.

அந்தக் குளத்தின் கதை பெரியது. கந்தளாய்க் குளத்தை ஏழாம் நூற்றாண்டு மன்னன் இரண்டாம் அக்கபோதியின் பெயரோடு சேர்க்கிறது சூளவம்சம். தமிழ் மரபு குளக்கோட்டனைச் சொல்கிறது. குளமும் கோட்டமும் கட்டியவன் என்பதால் அந்தப் பெயர். பூதங்களைக் கொண்டு கட்டுவித்தான் என்பது வாய்மொழிக் கதை. கவிராச வரோதயர் பாடிய 'கோணேசர் கல்வெட்டு' கோணேசர் கோயிலையும் அதற்குரிய ஊர்களின் கடமைகளையும் விரித்துச் சொல்லும் நூல். யார் என்ன கொடுக்க வேண்டும், யார் என்ன தொழும்பு செய்ய வேண்டும் என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது. திருகோணமலைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இடித்துக் கோட்டை கட்டிய பின், அங்கிருந்து காப்பாற்றிய திருவுருவங்கள் தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலுக்கு வந்தன என்பது இந்து மக்களின் மரபு. குளக்கட்டில் நடந்த வேள்வியைப் பற்றியும் கோயில் வழக்காறுகளைப் பற்றியும் தம்பலகாமத்து இந்து எழுத்தாளர்கள் எழுதியிருக்கிறார்கள். குளம், கோயில், வயல் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிய ஏற்பாடு இது. அவர்கள் அதைப் பாட்டாகவும் உரைநடையாகவும் எழுதி வைத்தபடியால் இன்றைக்குப் பேச ஓர் ஆதாரம் இருக்கிறது.

வெளியூர்க்காரர்களும் எழுதினார்கள். 1660இல் கொட்டியாரத்துக் கரையில் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு தப்பிப்போய் 1681இல் நூல் வெளியிட்டார். கண்டிச் சிங்களவரின் உழவையும், களத்தின் நடுவில் குழி வெட்டிச் சில பொருட்களை வைக்கும் சடங்கையும் அதில் எழுதியிருக்கிறார். 1786இல் திருகோணமலையின் ஒல்லாந்த அதிகாரி வான் செண்டன் தம்பலகாமம், கொட்டியாரப் பற்றுகளில் ஊர் ஊராகப் போய், வேளாண்மையைப் பெருக்கும் வழி தேடி நாட்குறிப்பு எழுதினார். கைதியும் எழுதினான், அதிகாரியும் எழுதினான். வயலில் நின்ற முஸ்லிம் கமக்காரன் எழுதவில்லை.

கந்தளாய்க் குளம் வெறும் கதையல்ல என்பதை 1986 ஏப்ரல் 20ஆம் தேதி நினைவூட்டியது. அன்று அணை உடைந்து நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். குளத்தை மூத்தவர்கள் ஏன் அச்சத்தோடும் மரியாதையோடும் பேசினார்கள் என்பது அன்றைக்கு எல்லாருக்கும் விளங்கியது.

பிறையின் கணக்கு

முஸ்லிமுடைய ஆண்டு வேறு கணக்கில் ஓடுகிறது. பன்னிரண்டு பிறை, ஏறத்தாழ 354 நாள். சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு. அதனால் எங்கட மாதங்கள் போகத்தோடு ஒட்டி நிற்பதில்லை. 1992இல் ரமழான் மார்ச் தொடக்கத்தில், பெரும்போக வெட்டு நேரத்தில் வந்தது. பிறகு பின்னுக்கு நகர்ந்து மாரி மழையில் நின்றது, சிறுபோக வெட்டில் நின்றது. 2009இல் ஒகஸ்ட் கடைசி வெயிலில் நோன்போடு வேளாண்மை வெட்டியவர்களுக்கு அது மறக்காது. 2025இல் மறுபடி மார்ச் தொடக்கத்துக்கே வந்து சேர்ந்தது. முப்பத்து மூன்று ஆண்டில் ஒரு முழுச் சுற்று. ஒரு கமக்காரன் தன் வாழ்நாளில் எல்லாப் பருவத்திலும் நோன்பு பிடித்துவிடுகிறான்.

இது தற்செயலாக அமைந்ததல்ல. இஸ்லாத்துக்கு முந்திய அரபிகள் சில ஆண்டுகளில் மாதத்தைத் தள்ளிவைத்து வந்தார்கள். 'நஸீஃ' என்று அதற்குப் பெயர். சந்திர ஆண்டைப் பருவத்தோடு ஒட்டவைக்க ஒரு மாதத்தைக் கூட்டுவதும் அதில் அடங்கும் என்று விளக்கம் சொல்வோர் உண்டு. தவ்பா அத்தியாயத்தின் 36, 37ஆம் வசனங்கள் மாதங்கள் பன்னிரண்டு என்று உறுதிப்படுத்தி இந்தத் தள்ளிவைப்பைக் கண்டித்தன. பழைய ஒட்டின் தடயம் மாதப் பெயர்களில் மட்டும் தங்கிவிட்டது. ரபீஉ என்றால் வசந்தம். ரமழான் என்ற சொல்லின் வேரில் சுடும் வெப்பம் இருக்கிறது. பெயர் பருவத்தைச் சொல்லும், மாதம் பருவத்தில் நிற்காது.

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அங்குள்ளோர் இரண்டு நாட்களில் விளையாடிக் களித்து வந்தார்கள் என்றும், அவற்றுக்குப் பகரமாக இரண்டு பெருநாட்களை அல்லாஹ் தந்திருப்பதாக அவர்கள் அறிவித்தார்கள் என்றும் ஹதீஸில் வருகிறது. அந்த இரண்டு பழைய நாட்களும் நவ்ரூஸ், மிஹ்ரஜான் என்று விளக்கம் எழுதினோர் உண்டு. ஒன்று வசந்தத் தொடக்கம், மற்றது இலையுதிர் காலம். பருவத்தில் கட்டுண்ட இரண்டு திருநாட்களின் இடத்தில், நோன்பிலும் ஹஜ்ஜிலும் கட்டுண்ட இரண்டு திருநாட்கள் வந்தன.

இந்த ஏற்பாட்டின் பயன் உலகம் முழுவதிலும் தெரிகிறது. எட்டு நாள் சக்கரத்தைக் கொண்டாடுகிற அவுஸ்திரேலிய பேகன்கள் அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. அங்கே டிசம்பர் கோடை அல்லவா? சம்ஹெய்னை மே தொடக்கத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பருவத்தோடு கட்டிய திருநாள் நிலநடுக்கோட்டைத் தாண்டும்போது உடைகிறது. பிறையோடு கட்டிய திருநாள் நோர்வேயிலும் நிற்கும், தம்பலகாமத்திலும் நிற்கும்.

ஆனால் பிறையை வைத்து நெல் விதைக்க முடியாது. இதை முஸ்லிம் உலகம் எப்போதும் அறிந்தே இருந்தது. எகிப்தின் முஸ்லிம் உழவர்கள் விதைப்புக்கும் அறுப்புக்கும் கொப்திய மாதங்களைக் கணக்கிட்டார்கள். உஸ்மானிய அரசு வரிவசூலுக்குச் சூரிய ஆண்டொன்றை வைத்திருந்தது. துருக்கியர் மே மாதத் தொடக்கத்தைக் கிழ்று நபியின் பெயரோடு சேர்த்துக் கோடையின் வாசலாக எண்ணினார்கள். யெமனை ஆண்ட சுல்தான் அல்-அஷ்ரஃப் உமர் 13ஆம் நூற்றாண்டில் விவசாயப் பஞ்சாங்கமே எழுதினார். தம்பலகாமத்து முஸ்லிம் கமக்காரனும் அதே வழிதான். தொழுகைக்கும் நோன்புக்கும் பிறை. விதைப்புக்குத் தமிழ் மாதம். 'ஐப்பசியில விதைக்காட்டி கார்த்திகை வெள்ளம் அள்ளிட்டுப் போயிரும்' என்று பேசுகிற அதே வாய்தான் 'நோன்புப் பிறை எப்ப?' என்றும் கேட்கும். இரண்டு கணக்கையும் ஒரே தலையில் சுமந்தவன் அவன்.

அறுப்பு நாளின் உரிமை

பருவத்துக்குத் திருநாள் இல்லையென்றால் பருவத்தை இஸ்லாம் கவனிக்காமல் விட்டதா? இல்லை. அன்ஆம் அத்தியாயத்தின் 141ஆம் வசனம் தோட்டங்களையும் பயிர்களையும் பலவகைக் கனிகளையும் எடுத்துச்சொல்லி, அறுவடை நாளிலேயே அதற்குரிய உரிமையைக் கொடுத்துவிடுமாறும் வீண்விரயம் செய்யாதிருக்குமாறும் பணிக்கிறது. பொன், வெள்ளியின் ஸக்காத்துக்குப் பிறையாண்டு ஒன்று நிறைய வேண்டும். விளைச்சலுக்கு அந்தக் கணக்கு இல்லை. எப்போது அறுக்கிறாயோ அப்போது. மழையிலும் ஆற்றுப் பாய்ச்சலிலும் விளைந்ததில் பத்திலொன்று. இறைத்துப் பாடுபட்டு விளைந்ததில் இருபதிலொன்று. ஐந்து வஸக்குக்குக் குறைந்தால் கடமையில்லை.

முழு ஷரீஅத்திலும் பருவத்தோடு நேராகக் கட்டுண்ட இடம் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. மற்றச் சமூகங்கள் பாட்டும் நெருப்பும் படையலும் வைத்த அதே நாளில், முஸ்லிமுக்கு ஓர் ஏழையின் பங்கு வைக்கப்பட்டிருக்கிறது. அறுப்பு நாளின் சடங்கு என்று எங்களுக்கு ஏதாவது இருக்குமென்றால் அது நெல்லை அளந்து கொடுக்கிற அந்த மரைக்கால்தான். குளத்து வாய்க்காலில் பாயும் தண்ணீருக்கு எந்த விகிதம், உரத்துக்கும் மெசினுக்கும் போன செலவு கழியுமா என்ற கேள்விகள் ஒவ்வொரு போகத்திலும் எழும். அவற்றுக்கு விடை சொல்வோர் உலமாக்கள். எந்த ஊரில், எந்த ஆண்டு, எவ்வளவு நெல் இப்படிக் கொடுக்கப்பட்டது, யாருக்குப் போனது என்பது வரலாற்றுக் கேள்வி. அதற்கு விடை சொல்ல எங்கட கையில் என்ன எழுத்து இருக்கிறது?

களவெட்டியின் பேச்சு

கிழக்கிலங்கையின் களவெட்டி ஒரு தனி உலகம். சூடு மிதிக்கும் இரவில் அன்றாடச் சொற்களுக்கு அங்கே இடமில்லை. நெல்லைப் 'பொலி' என்பார்கள். வைக்கோலை உதறும் கம்புக்கு 'வேலைக்காரன்' என்று பெயர். சும்மா பேரைச் சொன்னால் பொலி குறைந்துபோகும், பூதம் அள்ளிப்போகும் என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்த குழூஉக்குறி இது. அளக்கும்போது 'ஒன்று' என்று தொடங்கமாட்டார்கள். இந்துக் கமக்காரர் 'லாபம்' என்பார். எங்கட ஆட்கள் 'பரக்கத்' என்பார்கள். அதன் பிறகு இருவருக்கும் 'இரண்டு' தான். அந்த ஒரு சொல்லில் மட்டும் இருவரும் பிரிந்து, மற்ற எல்லாச் சொல்லிலும் சேர்ந்து நின்றார்கள். ஒரே வாய்க்கால், ஒரே வட்டவிதானை, ஒரே ஆரம்பக் கூட்டம். தண்ணீர் திறக்கும் நாளை இன்றைக்கும் அந்தக் கூட்டம்தான் தீர்மானிக்கிறது. பக்கத்து வரம்புக்காரனோடு கோபித்துக்கொண்டு யாரும் வேளாண்மை செய்ய முடியாது.

பள்ளிவாசலைச் சுற்றியும் ஒரு வழக்காறு இருந்தது. மழை பிந்தினால் வெளியில் கூடி மழைத் தொழுகை. வெட்டு முடிந்த கையோடு கந்தூரிச் சோறு. சபர் மாதத்தில் ஒடுக்கத்துப் புதன். ஷஃபான் நடுவில் பராத்து ரொட்டி. இவற்றில் மழைத் தொழுகை நபிவழி. மற்றவை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எங்கட தலைமுறையில் அந்த வேறுபாடு கூர்மையாகி, கந்தூரி நடந்த ஊரில் நின்றுபோனது. ரொட்டி சுட்ட வீட்டில் சுடுவது குறைந்தது. இதன் சரி பிழையை நான் இங்கே பேசவில்லை. நின்றுபோனவற்றோடு சேர்ந்து அவற்றின் நினைவும் போகிறது என்பதைச் சொல்கிறேன். 'அதெல்லாம் பித்அத், இப்ப ஏன் கேட்கிறீங்க' என்று மூத்தவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். கந்தூரியோடு தொடர்பில்லாத விசயங்களும், கூலி எப்படிக் கொடுத்தார்கள், எந்த நெல் போட்டார்கள், எந்தக் காற்றைப் பார்த்து விதைத்தார்கள் என்பதெல்லாம் அந்த மௌனத்தில் சேர்ந்தே புதைகிறது.

மற்றப் பக்கத்தால் மெசின் வந்தது. முதலில் எருமைக்குப் பதிலாக உழவு மெசின் சூட்டில் ஏறியது. பிறகு வெட்டுமெசின் வந்து வெட்டும் சூடும் களவெட்டியும் மூன்றும் ஒரே மணித்தியாலத்தில் முடிந்தன. நெல் சாக்கோடு வரம்பில் நிற்கிறது. அதில் நட்டமில்லை, முதுகு பிழைத்தது. ஆனால் களவெட்டி இல்லாத இடத்தில் களவெட்டிப் பேச்சு எப்படி வாழும்? இடம்பெயர்வும் போரும் இன்னொரு பக்கத்தால் ஆட்களைப் பிரித்தன.

எழுதுவதும் நம்புவதும்

வழக்காறுகளை எழுதினால் அவற்றை ஆதரிப்பதாகிவிடும் என்று அஞ்சுவோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அல்-பிரூனியை நினைவூட்ட வேண்டும். ஆயிரமாம் ஆண்டை ஒட்டி அவர் எழுதிய 'அல்-ஆதாருல் பாகியா', பாரசீகர், சொக்தியர், யூதர், கிறிஸ்தவர், இஸ்லாத்துக்கு முந்திய அரபிகள் ஆகியோரின் ஆண்டுக் கணக்கையும் திருநாட்களையும் நாள் வாரியாக எடுத்துச் சொல்கிறது. 1030ஐ ஒட்டி இந்தியாவைப் பற்றி எழுதிய பெருநூலில் இந்துக்களின் திருநாட்களுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். உள்ளதை உள்ளபடி சொல்வதே தம் வேலை, வாதாடுவதல்ல என்று அவர் முன்னுரையில் தெளிவாக்கியிருக்கிறார். ஒரு முஸ்லிமின் ஈமானை அது குறைக்கவில்லை. மாறாக, அந்தச் சமூகங்கள் பலவற்றின் பழைய நாட்காட்டியைத் தெரிந்துகொள்ள இன்றைக்கும் உலகம் ஒரு முஸ்லிமின் நூலைத்தான் திறக்கிறது.

எங்கட மாகாணத்திலும் முன்னோடிகள் இருக்கிறார்கள். வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வந்தது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கிராமியக் கவிகளைத் தேடித் தொகுத்தார். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் தங்கித் தமிழரையும் முஸ்லிம்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுதினார். இவற்றில் பெரும்பகுதி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம். கந்தளாய்க் குளத்தின் கீழுள்ள முஸ்லிம் வயல்களுக்கு, முள்ளிப்பொத்தானைக்கும் அதன் சுற்றுக்கும், அப்படியொரு நூல் வேண்டும்.

எங்கே தொடங்கலாம்? ஹட்டன் தொடங்கிய இடத்தில்தான். பள்ளிவாசல்களின் பழைய கணக்குப் புத்தகங்களைத் தேடுவோம். எந்த வருடம் எத்தனை மூட்டை நெல் வந்தது, கந்தூரிக்கு எவ்வளவு போனது, லெப்பைக்கும் மோதினுக்கும் வெட்டு முடிந்து என்ன கொடுத்தார்கள், எந்த வருடத்தோடு அந்த வரி நின்றது என்று அவற்றில் இருக்கும். கறையான் தின்ன மிச்சமிருந்தால் ஒரு போன் கமராவில் படம் எடுத்தாலே போதும். பிறகு மூத்தவர்களிடம் போவோம். 'நீங்க நம்பினீங்களா' என்று கேட்க வேண்டாம். 'என்ன செய்தீங்க, யாரோட செய்தீங்க, எந்த மாதத்தில செய்தீங்க' என்று கேட்போம். தீர்ப்பு இல்லாத கேள்விக்கு அவர்கள் வாய் திறப்பார்கள். களவெட்டிச் சொற்களைக் கேட்டு, தமிழரிடமும் முஸ்லிமிடமும் ஒரே சொல்லா வேறு சொல்லா என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுவோம். மேல்வகுப்பு மாணவருக்கு இதைவிட நல்ல தமிழ் ஒப்படை இருக்க முடியாது.

இங்கிலாந்துக்காரன் பேரன் தன் பாட்டனின் வயலைத் தேடிப் போனபோது அங்கே எழுத்து சொற்பம், கற்பனை மிகுதி. ஒருவேளை எங்கட பேரப்பிள்ளைகளும் ஒரு நாள் நகரத்திலிருந்து, அல்லது கட்டாரிலிருந்தோ கனடாவிலிருந்தோ, தம்பலகாமத்து வயலைத் தேடுவார்கள். அன்றைக்கு அவர்கள் கையில் யாரோ புனைந்த ஒரு சக்கரம் இருக்குமா, வாப்பாவும் மூத்தாப்பாவும் உண்மையில் 'பரக்கத்' என்று அளந்த மரைக்காலின் கணக்கு இருக்குமா என்பது இந்தப் பத்தாண்டில் நாம் எழுதுவதைப் பொறுத்தது. அடுத்த பெரும்போக வெட்டுக்கு முன் ஒரு பள்ளிவாசலின் ஒரு கணக்குப் புத்தகமாவது படியெடுக்கப்பட்டால் நல்ல தொடக்கம்தான்.